விளையாட்டில் வேடம் போடுபவரிடம் ஆதார் கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இணைய விளையாட்டுகளில் போலிக் கணக்குகளால் நடக்கும் ஏமாற்றுகளையும் பெண் பிள்ளைகளுக்கு நேரும் தொல்லைகளையும் விவரித்து, எல்லா விளையாட்டுகளுக்கும் ஆதார் இணைப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தொல்லைகள் உண்மையானவை. அவற்றில் சிலவற்றை நானே பட்டிருக்கிறேன் என்பதால் கட்டுரையாளரின் கவலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவர் சொல்லும் தீர்வு, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, தொல்லை கொடுப்பவரைக் காட்டிக்கொடுப்பதற்கு முன்பே தொல்லைக்கு ஆளாகிறவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

2003ஆம் ஆண்டு தஞ்சாவூரில் கல்லூரியில் படித்தபோது, ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, படமே இல்லாமல் எழுத்தாலேயே நடக்கும் ஓர் ஆங்கில விளையாட்டில் கொல்லனாக வேடம் ஏற்றதில் தொடங்கியது என் பழக்கம். பெண் என்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் வாள் அடித்துக் கொடுத்து நிம்மதியாக இருந்தேன். இப்போது பகலில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். இரவில், ஜிடிஏ 5 விளையாட்டின் நகரத்தைத் தமிழர்கள் தங்கள் ஊராக மாற்றிக்கொண்டு ஆடும் ஒரு சர்வரில், அதாவது பலர் ஒன்றாக நுழைந்து ஆடும் ஒரு தனி இணையத் தளத்தில், அட்மின்களில் (நிர்வாகிகளில்) ஒருத்தியாக இருக்கிறேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே வெற்றி தோல்வி என்று எதுவும் கிடையாது. ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுவார், ஒருவர் மெக்கானிக் கடை வைப்பார், ஒருவர் இன்ஸ்பெக்டராக வந்து எல்லோருக்கும் அபராதம் போடுவார். ஏற்ற பாத்திரத்தை விட்டு இறங்காமல், மைக்கில் தமிழில் பேசிக்கொண்டே, பல மாதங்கள் ஒரு வாழ்க்கையை நடத்துவதுதான் ஆட்டம். பணம் வைத்து ஆடும் ரம்மிக்கும் இதற்கும் இடையே, சீட்டுக்கட்டுக்கும் தெருக்கூத்துக்கும் உள்ள தூரம் உண்டு.

இந்த ஆட்டங்களில் அடையாளம் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. கட்டுரையாளர் அவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்; சர்வர் நடத்தும் எங்களில் பலரும் அதே தவற்றைச் செய்கிறோம். இந்த இரண்டு பாத்திரங்களையும் ஆடுபவர் ஒரே ஆள்தானா என்பது ஒரு கேள்வி. அந்த ஆள் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் எந்தக் குழுவையும் ஒழுங்காக நடத்த முடியாது என்பது என் அனுபவம். இரண்டாம் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவை, விளையாட்டை நடத்துபவருக்கு அநேகமாக வருவதே இல்லை.

முதல் கேள்வி மிகப் பழையது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற எழுத்து விளையாட்டின் வழியில் பிறந்த எத்தனையோ விளையாட்டுகளில், ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு பாத்திரங்களை நுழைத்து ஆடுவதற்குத் தடை இருந்தது. ஒரு பாத்திரம் தேடிய பொருளை இன்னொன்றுக்குக் கைமாற்றலாம், ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு வாக்குப் போடலாம், திருடனாக இருந்து தெரிந்துகொண்ட ரகசியத்தைப் போலீசாக வந்து பயன்படுத்தலாம் என்பதால் ஏற்பட்ட தடை அது. ஆட்டத்துக்கு வெளியே தெரிந்ததை ஆட்டத்துக்குள் பயன்படுத்தும் இந்தக் குற்றத்தை எங்கள் பிள்ளைகள் ‘மெட்டா’ என்பார்கள். ‘மெட்டா பண்ணாத ப்ரோ’ என்ற வசனம் ஒரு மாலையில் பத்து முறையாவது காதில் விழும்.

தடையில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சான்று இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய ‘லாம்டாமூ’ என்ற எழுத்து உலகில், 1993இல் ஒரு பாத்திரம் மற்றப் பாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, அவர்கள் விரும்பாத பாலியல் செயல்களை அவர்களே செய்வதாக எல்லோர் முன்பும் எழுதிக் காட்டியது. ஆடுபவர்கள் கூடி நீண்ட நேரம் விவாதித்தார்கள். கடைசியில் நிர்வாகி ஒருவர் அந்தப் பாத்திரத்தை அழித்தார். சிறிது காலத்தில் வேறு பெயரில் ஒரு பாத்திரம் அங்கே நடமாடத் தொடங்கியது. அதே ஆள்தான் என்று பலரும் கருதினார்கள். வேடத்தை அழித்தார்கள், வேடம் போட்டவர் இன்னொரு வேடத்தோடு திரும்பினார். அந்த ஆளின் பெயரும் முகவரியும் அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்று வெளியேற்றியவர் இவர்தான் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் போதும்.

இன்று அதை அறிய ஆதார் தேவையில்லை. எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்தும் ‘ஃபைவ்எம்’ மென்பொருள், ஒருவர் நுழைந்தவுடனேயே ஜிடிஏ 5 விளையாட்டைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்குத் தந்த உரிம எண், அவருடைய இணைய இணைப்பைக் குறிக்கும் ஐபி முகவரி, கணினிக்கு உரிய சில குறியீடுகள், இணைத்திருந்தால் விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தின் எண், உரையாடல் செயலியான டிஸ்கார்டின் எண் ஆகியவற்றை சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. இவற்றில் எதிலும் அப்பா பெயர் இல்லை, தெரு இல்லை, முகம் இல்லை. ஆனாலும் நேற்று வெளியேற்றப்பட்டவர் இன்று புதுப்பெயரில் வந்தால் பெரும்பாலும் பிடித்துவிடுகிறோம்.

பிடிப்பதில் தவறும் நேர்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. டெல்டா மாவட்டத்துச் சகோதரர்கள் இருவர் ஒரே பழைய கணினியில் ஆடிவந்தார்கள். இரவு ஒன்பது மணி வரை தம்பி, அதன் பிறகு அண்ணன். ஒருவன் கடத்தல்காரன், மற்றவன் கான்ஸ்டபிள். எங்கள் பதிவேடு இருவரும் ஒரே ஆள் என்றது; நானும் அதை நம்பி இருவரையும் ஒரு மாதம் தடை செய்தேன். மறுநாள் அவர்கள் அம்மாவே மைக்கில் வந்து, ‘ரெண்டும் என் பிள்ளைங்கதாம்மா, ஒண்ணு பன்னெண்டாவது, ஒண்ணு காலேஜ்’ என்று சொன்னபோது எனக்கு எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை. கைபேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரியை ஒரே சமயத்தில் எத்தனையோ பேர் பகிர்ந்துகொள்ளும்படி நிறுவனங்கள் அமைத்திருப்பதால், அதை மட்டும் வைத்துத் தடை போட்டால் சம்பந்தமே இல்லாதவர்களும் சிக்குவார்கள். ஆகவே இப்போது எங்கள் விதிப்படி, பதிவேடு சொல்வது சந்தேகம் மட்டுமே. விளக்கம் கேட்காமல் தடை கிடையாது.

எந்தெந்தப் பாத்திரங்கள் ஒரே ஆளுடையவை என்ற இந்த இணைப்பு விவரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கலான இடம். கட்டுரையாளர் தொடாமல் விட்டதும் இதுதான். ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் நடத்தும் ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ விளையாட்டில் நடந்தது இதற்குப் பொருத்தமான பாடம். தொல்லை கொடுக்கும் ஒரு பாத்திரத்தைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தால், அவர் தம்முடைய இன்னொரு பாத்திரத்தில் வந்து நச்சரிக்கலாம் என்ற குறை அங்கே இருந்தது. 2024ஆம் ஆண்டின் நடுவில் ‘டான்ட்ரெயில்’ விரிவாக்கம் வந்தபோது நிறுவனம் அதைச் சரிசெய்தது: ஒரு பாத்திரத்தைத் தடுத்தால் அதே கணக்கில் உள்ள எல்லாப் பாத்திரங்களும் தடுக்கப்படும். நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதைச் செயல்படுத்துவதற்காக, கணக்கைக் குறிக்கும் ஓர் எண் ஆடுபவர்களின் கணினிகளுக்கே அனுப்பப்பட்டது. 2025 ஜனவரியில் ‘பிளேயர்ஸ்கோப்’ என்ற வெளியார் கருவி அந்த எண்ணைச் சேகரிக்கத் தொடங்கியது. கருவியை நிறுவிய ஒருவர் விளையாட்டில் நம் அருகே நடந்துபோனாலே போதும், நம் பாத்திரத்தின் விவரம் ஒரு பொதுத் தரவுக் கிடங்கில் சேர்ந்துவிடும். நம்முடைய மற்றப் பாத்திரங்கள் எவை என்று பிறகு அங்கே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். தொல்லைக்கு அஞ்சி வேறு பெயரில் ஒதுங்கியிருந்தவர்களை, தொல்லை கொடுத்தவர்களே தேடிப் பிடிக்க அது வழி செய்தது. தயாரிப்பாளர் நவோகி யோஷிதா அந்த மாத இறுதியில் அறிக்கை வெளியிட்டு, கருவியை நீக்கக் கோருவதையும் சட்ட நடவடிக்கையையும் பரிசீலிப்பதாகச் சொல்ல நேர்ந்தது. முகவரியோ பணம் செலுத்திய விவரமோ அந்தக் கருவிக்கு எட்டாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். இந்தப் பாத்திரமும் அந்தப் பாத்திரமும் ஒருவரே என்பது மட்டும் வெளியானதற்கே இவ்வளவு அச்சம். அந்தக் கிடங்கில் அடையாள அட்டையின் படமும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இதே தவற்றைச் சிறிய அளவில் நாங்களும் செய்தோம். ஒவ்வொருவரும் தாம் ஆடும் எல்லாப் பாத்திரங்களின் பெயரையும் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியலில் எழுத வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விதி கொண்டுவந்தோம். வெளிப்படையாக இருந்தால் வம்பு குறையும் என்று அதை முன்மொழிந்தவள் நான். நீதிபதியாக ஆடிய ஒரு பெண், ஒரு கும்பல் தலைவனுக்கு ஆட்டத்துக்குள் நீண்ட சிறைத் தண்டனை விதித்தார். அவர் ஓய்வுக்காக வைத்திருந்த இன்னொரு பாத்திரம் பூக்கடைக்காரி. தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பூக்கடை வாரத்துக்கு மூன்று முறை கொளுத்தப்பட்டது. கொளுத்தியவர்கள் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு கதைக் காரணம் வைத்திருந்தார்கள், எதையும் மெட்டா என்று நிரூபிக்க முடியவில்லை. அவர் ஆட்டத்தையே விட்டுப் போனார். பட்டியலை நீக்கினோம். இப்போது இணைப்பு விவரம் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். தொல்லைக்கு ஆளானவர், ‘இந்தப் புதுப் பாத்திரம் அந்த ஆள்தானா’ என்று எங்களிடம் கேட்டால், காரணத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்கிறோம். யார் யாருடைய விவரத்தைப் பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு பதிவு வைத்திருக்கிறோம், ஏனென்றால் அட்மின்களும் மனிதர்கள்தாம்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஆடுபவரின் உண்மைப் பெயரையே வெளியிட்டால் எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதிக்க முயன்றது ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டை நடத்தும் பிளிசார்டு நிறுவனம். தன் அதிகாரபூர்வ விவாதப் பலகைகளில் எழுதுபவர்களின் உண்மைப் பெயர் இனி அப்படியே தெரியும் என்று 2010 ஜூலை 6 அன்று அறிவித்தது. இதில் அஞ்ச ஒன்றுமில்லை என்று காட்ட, நிறுவன ஊழியர் ஒருவர் தம் பெயரைத் தாமே வெளியிட்டார். சற்று நேரத்திலேயே அவருடைய தொலைபேசி எண்ணும் குடும்ப விவரங்களும் இணையத்தில் வந்துவிட்டன. பெண்களும் திருநர்களும் ஆசிரியர்களும், விளையாட்டுப் பழக்கம் வெளியே தெரிந்தால் வேலைக்குப் பாதகம் என்று அஞ்சியவர்களும் எழுதிக் குவித்தார்கள். மூன்றாம் நாள், ஜூலை 9 அன்று, நிறுவனத் தலைவர் மைக் மோர்ஹைம் திட்டத்தைக் கைவிட்டதாக அறிவித்தார். இதில் ஒரு கிளைக்கதை உண்டு. விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் அமெரிக்க அமைப்பிடம் இத்திட்டம் குறித்துப் புகார் செய்த ஏறக்குறைய 1,000 பேருக்கு அந்த அமைப்பு ஒரே மடலில் பதில் அனுப்பியபோது, அத்தனை பேருடைய மின்னஞ்சல் முகவரிகளும் அத்தனை பேருக்கும் தெரியும்படி போய்விட்டன. தனியுரிமை கேட்டுப் போனவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

அரசே அடையாள எண்ணைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. அங்கே குடிமக்களின் 13 இலக்கப் பதிவு எண் பிறந்த தேதியையும் பாலினத்தையும், 2020 அக்டோபர் வரை வழங்கப்பட்ட எண்களில் பிறப்புப் பதிந்த வட்டாரத்தையும்கூடச் சொல்லிவிடும். விளையாட்டுத் தளங்கள் அந்த எண்ணை வாங்கித்தான் கணக்குத் தொடங்க விட்டன. 2006இன் தொடக்கத்தில், தாங்கள் ஒருநாளும் ஆடியிராத ‘லீனியேஜ்’ விளையாட்டில் தங்கள் எண்ணில் கணக்குகள் இருப்பதைப் பெருந்திரளான கொரியர்கள் கண்டுபிடித்தார்கள். திருடிய எண்களைக் கொண்டு வேறு யாரோ தொடங்கியவை அவை. உண்மைப் பெயர் விதி போலிக் கணக்கை ஒழிக்கவில்லை, போலிக் கணக்குக்கு உண்மையான ஒருவரின் பெயரைச் சூட்டிவிட்டது. ஆனாலும் 2007இல், நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களில் எழுதுபவர்கள் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறகு அந்த வரம்பு 1 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு ஆகிய தளங்களிலிருந்து 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அதே ஆண்டு நவம்பரில், பிள்ளைகள் விரும்பி ஆடும் ‘மேப்பிள்ஸ்டோரி’ விளையாட்டிலிருந்து 1.32 கோடிப் பேரின் விவரங்கள் போயின. 2012 ஆகஸ்டு 23 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த அடையாளச் சரிபார்ப்புச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது.

நம் ஊரில் ‘நீ யார்’ என்ற கேள்வி எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயரில் தொடங்கி, அப்பா பெயருக்குப் போய், ஊருக்குப் போய், அந்த ஊரில் எந்தத் தெரு என்ற இடத்தில் கேட்டவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிடத் தீர்மானித்தது. அந்த வழியில் வந்ததால்தான் நம்மில் பெரும்பாலோர் இன்று ஒரு தலைப்பெழுத்தோடு நிற்க முடிகிறது. ஆதார் அட்டையின் படமோ, தலைப்பெழுத்தை விரித்து, தெருவைச் சேர்த்து, முகத்தையும் ஒட்டி முழுதாகச் சொல்லிவிடும். அதைப் பார்க்கப்போவது பயிற்சி பெற்ற அதிகாரி அல்லர். என்னைப் போல இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்து உட்காரும் அட்மின். எங்கள் சர்வரில் ஊர்ப் பெரியவராக ஆடும் ஒரு பையன் பஞ்சாயத்துப் பேசினால் அறுபது பேர் வாய் திறக்காமல் கேட்பார்கள். அவன் எந்தத் தெரு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவன் சொல்லுக்கு இன்றிருக்கும் மதிப்பு அப்படியே இருக்குமா என்று கேட்டால் என்னால் உறுதி கூற முடியவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

பெண்களுக்கு இதில் இன்னும் ஒரு சுமை உண்டு. எழுத்து விளையாட்டில் நான் கொல்லனாக இருந்தது போல மைக் வைத்து ஆடும் விளையாட்டில் இருக்க முடியாது; குரல் காட்டிக்கொடுத்துவிடும், குரலை மாற்றும் மென்பொருளைப் பல சர்வர்கள் ஏற்பதில்லை. நான் இப்போதைய சர்வருக்கு வருமுன் வேறொரு சர்வரில் சேர விண்ணப்பித்தேன். நேர்காணலில் என் குரலைக் கேட்ட அட்மின், பையன்கள் பெண் குரலில் பேசி ஏமாற்றுகிறார்கள் என்று காரணம் சொல்லி, முகமும் அடையாள அட்டையும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் கேட்டார். ஆண்களிடம் அப்படிக் கேட்கவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். நான் அனுப்பவில்லை. அனுப்பிய ஒரு பெண்ணுக்கு அடுத்த வாரத்திலேயே அவர் வீட்டு முகவரியைச் சொல்லி வாழ்த்துச் செய்தி வந்தது. அடையாளத்தைச் சரிபார்ப்பது பாதுகாப்புக்காக என்று சொல்பவர்கள், சரிபார்ப்பவரைச் சரிபார்ப்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரையாளர் தமிழ்நாட்டு விதிகளை முன்மாதிரியாகக் காட்டியிருந்தார். 2025இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறைகள், ஆதார் சரிபார்ப்பையும் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான தடையையும் விதித்தது உண்மை. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 3 அன்று அவற்றை உறுதி செய்ததும் உண்மை. ஆனால் அவை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. பணத்தை இழந்து உயிரையே விட்டவர்களின் குடும்பங்களைப் பார்த்த மாநிலம் அந்த விதிகளை எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் பண விளையாட்டைத் தடை செய்ததே தவிர, மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் வேறு வகையாகப் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினையை அழித்துவிட்டு, கற்பனைப் பூக்கடை நடத்துபவருக்கும் ரம்மிப் பணத்துக்குப் போடும் பூட்டையே போட வேண்டும் என்பதற்குக் கட்டுரையில் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தின் பேரில் தனியார் நிறுவனங்கள் ஆதார் சரிபார்ப்பைக் கோர இடமளித்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நீக்கியது. பின்னால் வந்த திருத்தங்கள் சில கதவுகளை மறுபடி திறந்திருக்கின்றன என்றாலும், 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு பெற்று வாங்கும் விவரம் குறித்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது. இரண்டு பாத்திரங்கள் ஒருவருடையவையா என்று அறிவதற்கு ஒருவருடைய கைரேகையோடு இணைந்த எண் தேவையான அளவாகாது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் என் வாதம் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதின்மூன்று வயதுப் பெண்ணும் முப்பது வயது ஆணும் ஒரே அறையில் முகம் தெரியாமல் பேசிக்கொள்வதை அநாமதேயத்தின் அழகு என்று சொல்ல என்னால் முடியாது. மேற்சொன்ன தரவுச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சிறுவர்கள் கூட்டமாக ஆடும் ரோப்லாக்ஸ், முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் சோதனைக்குப் பிறகே உரையாட அனுமதிக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. வயதை அறிவது வேறு, ஆளை அறிவது வேறு என்ற வேறுபாட்டை இங்கும் காப்பாற்ற வேண்டும். ‘18க்கு மேல்’ என்ற விடை மட்டும் சர்வருக்கு வந்தால் போதும், அட்டையின் படம் யாரிடமும் தங்கக் கூடாது. தங்கினால் என்ன ஆகும் என்பதை 2025 அக்டோபரில் பார்த்தோம். டிஸ்கார்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேவை செய்துவந்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக, வயது தொடர்பான முறையீடுகளுக்காக அனுப்பப்பட்ட ஏறக்குறைய 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் சர்வரில் ஆடுபவர்கள் கூடிப் பேசுவதும் அங்கேதான்.

குற்றம் நடந்தால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. மிரட்டல், பணப்பறிப்பு, சிறார் மீதான பாலியல் குற்றம் ஆகியவை நடந்தால் அது அட்மின் தீர்க்க வேண்டிய வழக்கே அல்ல. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் செய்ய வேண்டியது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி காவல்துறை விவரங்களைக் கேட்டுப் பெறலாம். எங்களிடம் உள்ள எண்களும் நேரங்களும் அதற்கு உதவும் என்பதால் அவற்றை ஆறு மாதம் வைத்திருக்கிறோம், பிறகு அழிக்கிறோம். ஆளைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களிடம் இருப்பதும், யாரும் கேள்வி கேட்க முடியாத என்னிடம் இருப்பதும் ஒன்றாகாது.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர்களிடம் தாங்களும் பெயரும் முகவரியும் கேட்கிறீர்கள். வேண்டாம் என்று கோரினால் அச்சிடாமல் விடுகிறீர்கள். அச்சாகும் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டப்படி ஆசிரியர் பொறுப்பேற்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனவே என் முழுப் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அலுவலகத்தில் யாருக்கும் என் இரவு வேலை தெரியாது என்பதாலும், அந்தப் பூக்கடையைக் கொளுத்தியவர்களில் இருவர் இன்னும் எங்கள் சர்வரிலேயே நடமாடுவதாலும், அச்சில் கீழ்க்கண்ட பெயரை மட்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொல்லன்
தஞ்சாவூர்